அப்பாவின் காரை யாரிடம் கொடுப்பது? சென்னையில் பழைய காரைக் கட்டுப்படியாகும் செலவில் புதுப்பிக்க முழுமையான வழிகாட்டி

அப்பா 1984-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி, அவர் போன பிறகு 9 வருடம் எங்கள் நங்கநல்லூர் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் நின்றது. விற்க மனசு வரவில்லை. பழைய இரும்புக்குப் போடக் கை வரவில்லை. ஓட வைத்துவிடலாம் என்று முடிவு செய்து, பெரிய போர்டு வைத்த ஓர் ஒர்க் ஷாப்பில் விட்டேன். 14 மாதம் கழித்து ரெக்கவரி வண்டியில் திரும்பி வந்தது. கழற்றிய பாகங்களில் பாதி இல்லை, மீதி நான்கு சிமென்ட் சாக்குகளில் கட்டிக் கிடந்தது. கொடுத்த அட்வான்ஸும் போனதுதான்.

இரண்டாவது முறை 10 மாதத்தில் நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். அதற்கு ஆன மொத்தச் செலவு, முதல் இடத்தில் கேட்ட தொகையில் ஏறக்குறைய பாதி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்து தருபவரைத் தேடியதுதான் நான் முதலில் செய்த தவறு. இந்த ஊரில் தகடு வேலைக்கு டிங்கர் ஒருவர், என்ஜின் பார்ப்பவர் ஒருவர், கடைசல் வேலைக்கு லேத் ஒருவர், ஒயரிங் ஒருவர் என்று வேலை பல கைகளில் இருக்கிறது. பெரிய ஒர்க் ஷாப்புகளும் பெரும்பாலும் அவர்களிடம்தான் வேலையைக் கொடுத்து, மேலே தங்கள் பங்கை வைக்கின்றன. அந்த ஆட்களை நாமே கண்டுபிடித்து, சரியான வரிசையில் வேலை வாங்கினால் செலவு கைக்குள் நிற்கும். எப்படி என்பதை நான் போன வழியிலேயே சொல்கிறேன்.

படி 1: ஸ்பானரைத் தொடும் முன் காகிதத்தைத் தொடுங்கள்

வண்டி இன்னும் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால், செலவு செய்வதற்கு முன் அதை உங்கள் பெயருக்கு மாற்றும் வழியைப் பாருங்கள். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலான வீடுகளில் அந்தத் துக்கத்தில் இதை யாரும் நினைப்பதில்லை. தாமதமானாலும் செய்யலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவை தேவைப்படும். இந்தக் கடிதத்தை அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளிடம் இப்போதே வாங்கிவிடுங்கள். வாசலில் துருப்பிடித்து நிற்கும்போது யாருக்கும் வேண்டாத கார், பளபளவென்று வந்து நின்றதும் எல்லாருக்கும் வேண்டியதாகிவிடும்.

அடுத்தது பதிவு. தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும், அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டெல்லியில் இருப்பதுபோல 15 ஆண்டு ஆன பெட்ரோல் காரை ஓட்டவே கூடாது என்ற தடை சென்னையில் இல்லை. வண்டி ஓடும் நிலையில் இருந்து, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துத் திருப்தியானால் புதுப்பிக்கலாம். ஆனால் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கான கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. விட்டுப்போன காலத்துக்கு மாதக் கணக்கில் தாமதக் கட்டணமும், பசுமை வரியும் சேரும். இவற்றை முதல் நாளே உங்கள் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வண்டி அரசின் பரிவாகன் இணையதளத்தில் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரியாவிட்டால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை டார்ச் அடித்து நீங்களே பாருங்கள்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டி என்றால், 2021-ல் வந்த விண்டேஜ் விதி பொருந்தும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், பின் மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் எடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

படி 2: எதுவரை, எது வேண்டாம்

"முழுசா பண்ணிடுங்க" என்று ஷெட்டில் போய்ச் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கு எல்லையே இல்லை. பத்திரமாக ஓடி, நின்று, மழையில் ஒழுகாமல் இருந்தால் போதுமா, பார்க்கவும் அழகாக வேண்டுமா, ஒவ்வொரு திருகாணியும் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டுமா? மூன்றும் வேறு வேறு செலவு. மூன்றாவது, கண்காட்சிக்கு அனுப்புகிறவர்களுக்கானது. வீட்டு ஞாபகத்துக்காகச் செய்பவர்களுக்கு முதலாவதும் இரண்டாவதில் கொஞ்சமும் போதும்.

அதோடு, கை வைக்கக் கூடாதவற்றின் பட்டியல் ஒன்றும் எழுதுங்கள். என் பட்டியலில் அப்பா பிடித்துப் பிடித்துத் தேய்ந்த ஸ்டீயரிங், டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்ன முருகன் படம், அம்மா பக்கத்துக் கதவில் என் பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸ் கீறிய கோடு மூன்றும் இருந்தன. ஸ்டீயரிங்கும் முருகனும் இருக்கிறார்கள். கீறல், முதல் ஒர்க் ஷாப்பில் பட்டிக்குள் (தகட்டின் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) மறைந்துவிட்டது. நான் வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை.

படி 3: துருவை நீங்களே பாருங்கள்

பத்மினி, அம்பாசடர் போன்றவற்றுக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரையும் பாடியும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. தரை துருத்தால் அது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. சென்னையில் கடற்காற்று ஒரு பக்கம், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தேங்கிய வெள்ளம் இன்னொரு பக்கம். வண்டி எந்த மழையில் எவ்வளவு தண்ணீரில் நின்றது என்று வீட்டில் கேட்டு எழுதிவையுங்கள்.

மிதியடிகளைத் தூக்கிவிட்டுத் தரையைப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில், கதவுகளின் கீழ் விளிம்பில், முன் கண்ணாடி ரப்பரைச் சுற்றி, ஜாக்கி வைக்கும் இடத்தில் எல்லாம் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், துருத்தது சொத்தென்று கேட்கும். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க ஓட்டிப் பாருங்கள். அது ஒட்டாத இடத்தில் மேலே தடித்த பட்டிதான் இருக்கிறது, உள்ளே தகடு இல்லாமலும் இருக்கலாம். வேப்பமரத்தடியில் நின்ற வண்டி என்றால் கதவுக்குள்ளும் வைப்பருக்கு அடியிலும் இலை அடைத்து, தண்ணீர் வடியாமல் உள்ளிருந்தே துருத்திருக்கும்.

இதையெல்லாம் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 100 படமாவது வேண்டும். பிறகு ஒயர் எங்கே போனது, கிளிப் எந்தப் பக்கம் இருந்தது என்ற சண்டை வரும்போது அவைதான் சாட்சி.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம வண்டலூரில் பிறந்த கார் அது. அதற்குத் தனி சேஸிஸ் உண்டு, பாடியைத் துண்டு துண்டாகக் கழற்ற முடியும். அதனால் வேலை செய்ய எளிது. உள்ளூரில் பாகம் கிடைப்பது கடினம் என்றாலும், இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுக்கு அங்கே இன்னும் பல பாகங்கள் செய்து விற்கிறார்கள். சுங்க வரியைச் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: ஆளைத் தேடுவது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நான் 2 மாதம் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள்கூட வீணில்லை.

சிக்னலில் உங்கள் மாடல் கார் நின்றால், இறங்கிப் போய்ப் பேசுங்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள், வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசுவார்கள். "இதை யார் பார்க்கிறார்?" என்பது முதல் கேள்வி. "எத்தனை வருடமாகப் பார்க்கிறார்?" என்பது அதைவிட முக்கியமானது. புதிதாக முடித்த வண்டி எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் தாண்டியும் பெயிண்ட் பொங்காத வண்டியைச் செய்த டிங்கர்தான் உங்களுக்கு வேண்டும்.

மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்று இரண்டு அமைப்புகள் சென்னையில் உள்ளன. அவர்கள் நடத்தும் கண்காட்சிக்கோ ஊர்வலத்துக்கோ போனால், விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார்களைத் தாண்டி, ஓரமாக நிற்கும் ஃபியட், அம்பாசடர் ஓனர்களிடம் போங்கள். உங்கள் பட்ஜெட்டில் வேலை செய்யும் ஆள் அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் புதுப்பேட்டை. பாகம் வாங்கும் இடம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அங்கே கடைக்காரர்களுக்கு எந்த மெக்கானிக் எந்தப் பாகத்தை வாங்கிப் போகிறார் என்று தெரியும். "ஃபியட்டுக்கு அடிக்கடி சாமான் வாங்குற மெக்கானிக் யாருண்ணே?" என்று மூன்று கடையில் கேட்டேன். மூன்று பேரும் ராயப்பேட்டையில் இருக்கும் ஒரே பெரியவரைச் சொன்னார்கள். போர்டு இல்லாத ஷெட். உள்ளே போனபோது அந்தப் பெரியவர் (எல்லாருக்கும் அவர் 'பாய்') ஒரு அம்பாசடர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் வண்டியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏம்மா, மழைல நின்னுச்சா, வெள்ளத்துல நின்னுச்சா?" அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. விலை பேசுவதற்கு முன் வண்டியின் கதையைக் கேட்பவர், வேலையில் என்ன வரும் என்று தெரிந்தவர்.

காருக்கு மின்சாதனங்கள் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் 1961-லிருந்து சென்னையின் பாடி பகுதியில்தான் இருக்கிறது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ். டைனமோ, செல்ஃப் மோட்டார், பிஸ்டன் எல்லாம் இந்த ஊரிலேயே தயாரானதால், அவற்றைப் பிரித்துப் பூட்டிய தலைமுறை இங்கே இன்னும் கொஞ்சம் பேர் மிச்சமிருக்கிறார்கள். 60 வயது தாண்டிய ஆட்டோ எலக்ட்ரீஷியன், பழைய என்ஜினுக்குப் போர் அடிக்கும் (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும்) லேத்காரர் இவர்களைத் தேடிப் பிடியுங்கள். கார்புரேட்டரையும் பாயிண்டையும் காது வைத்தே செட் செய்வார்கள். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் சர்வீஸ் சென்டரில் இந்த வேலை நடக்காது.

படி 5: ஷெட்டுக்கு இரண்டு முறை போங்கள்

ஒரு முறை சொல்லிவிட்டு, இன்னொரு முறை சொல்லாமல். ஏற்கெனவே நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். தூசி படிந்து, டயர் இறங்கி, மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகள் நிறைய இருந்தால் உங்களுடையதும் அங்கே சேரும். கழற்றிய பாகங்களை டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்களா, தரையில் குவித்திருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

வண்டி கூரைக்குள் நிற்குமா, தெருவில் நிற்குமா என்று கட்டாயம் கேளுங்கள். தெருவில் நாள்கணக்கில் நிற்கும் பழைய வண்டியைக் கேட்பாரற்றது என்று மாநகராட்சி அப்புறப்படுத்தும் ஆபத்து உண்டு. கழற்றிய தகட்டில் மழை பட்டால் செய்த வேலையும் வீண்.

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முன்னால் எந்த ஷெட்டிலும் உங்களுக்கு நேரம் கிடைக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த ஈரக் காற்றில், திறந்த ஷெட்டில் என்.சி. பெயிண்ட் (சீக்கிரம் காயும் பழைய வகை) அடித்தால் வெளுத்துப் போகும். பொங்கல் முடிந்ததும் வண்டியை விட்டால், டிங்கர் வேலை முடிந்து வெயில் காலத்தில் பெயிண்டுக்குப் போகலாம். நான் தை மாதம் விட்டேன்.

படி 6: எழுதிக்கொள்ளுங்கள், துண்டு துண்டாகப் பணம் கொடுங்கள்

மொத்த எஸ்டிமேட் என்பது பழைய காரில் ஒரு ஊகம்தான். பட்டியைச் சுரண்டினால்தான் உள்ளே எவ்வளவு தகடு மிச்சம் என்று தெரியும். அதனால் இரண்டு கட்டமாகப் பேசுங்கள். முதலில் கழற்றிப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு கூலி. பிறகு நீங்களும் பக்கத்தில் நின்று பார்த்த பின், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை. தரை, கதவுகள், பெயிண்ட், என்ஜின், பிரேக், ஒயரிங், சீட் என்று தனித்தனியாக. லேபர் வேறு, சாமான் வேறு.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். வேலை, விலை, தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாய் முதலில் கொஞ்சம் தயங்கினார். "என்னை நம்பலையாம்மா?" என்று கேட்டார். முன்பு நடந்ததைச் சொன்னேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டதோடு, பழைய பாகம் எல்லாவற்றையும் திருப்பித் தருவதாக அவரே ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

பெரிய அட்வான்ஸ் வேண்டாம். சாமானுக்கு முடிந்தவரை நீங்களே கடையில் பணம் கொடுத்து பில் வாங்குங்கள். லேபரை முடிந்த வேலைக்குக் கொடுங்கள். கடைசியில் ஒரு பகுதியை, வண்டி ரோட்டில் ஓடும் வரை நிறுத்தி வையுங்கள். வாரம் ஒருமுறை நேரில் போவது இதையெல்லாம் விட முக்கியம். டீயும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை மாலை போனால், அன்று யார் வண்டியில் கை வைப்பது என்ற கேள்வியில் உங்கள் வண்டி முன்னால் நிற்கும்.

படி 7: எந்த வேலைக்குப் பின் எது

வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுப்பீர்கள். நான் கொடுத்திருக்கிறேன். முதல் ஒர்க் ஷாப்பில் பெயிண்ட் அடித்த பிறகு தரையை வெல்டிங் செய்தார்கள்.

தகடு வேலை முதலில். ஓட்டையைப் பட்டியால் அடைக்காமல், துருத்த பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதன்மேல் துரு தடுக்கும் பிரைமர். மெல்லிய பட்டி தேவைதான், அது எவ்வளவு மெல்லியது என்பதில்தான் டிங்கரின் கை தெரியும். பிரைமர் நிலையில் ஒருமுறை போய் வெயிலில் வைத்துப் பாருங்கள். பெயிண்ட் அடித்த பிறகு எந்தக் குறையும் கண்ணில் படாது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். அப்பா வாங்கிய நிறத்திலேயே விட்டால் அந்த அலைச்சல் இல்லை.

அடுத்தது பிரேக், என்ஜின் இல்லை. நிற்கத் தெரியாத வண்டியை ஓட வைத்து என்ன பயன்? வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் மாற்றுங்கள். இங்கே மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

என்ஜினை உடனே பிரிக்க விடாதீர்கள். பல வருடம் நின்ற என்ஜின், பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் மெதுவாகச் சுற்றினால் பல நேரம் விடுபடும். பிறகு கம்ப்ரஷன் பார்த்து முடிவு செய்யலாம். ரீபோர் தேவை என்றால், ஓவர்சைஸ் பிஸ்டன் கையில் கிடைத்த பிறகே லேத்துக்குக் கொடுங்கள். போர் அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அம்பாசடர், ஹெரால்ட் ஓனர்கள் ஹெட் கழற்றும்போது வால்வு சீட் பற்றியும் கேளுங்கள். அந்த இரும்பு ஹெட்டுகள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை, இந்தியாவில் அது 2000-லேயே நின்றுவிட்டது, ஈயம் இல்லாமல் அந்த சீட் சீக்கிரம் தேயலாம். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால், பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்களை எத்தனால் தாங்கும் ரப்பரில் மாற்றச் சொல்லுங்கள். பழைய ரப்பர் ஊறி, விரிசல் விட்டு, சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரியும்.

ஒயரிங், சீட், ரூஃப் துணி, பீடிங் எல்லாம் கடைசியில். பம்பரைக் குரோமியம் பூச அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரியுங்கள். செம்பு, நிக்கல், குரோமியம் மூன்றும் பூசுகிறார்களா என்று கேளுங்கள். குரோமியம் மட்டும் பூசியது சீக்கிரமே உரிந்துவிடும்.

படி 8: பாகம் தேடுவது

பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் வேறு எதையாவது தருவார்கள். புதிய சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கழற்றிய சாமானுக்குப் புதுப்பேட்டை. காலையில் போனால் கடைக்காரருக்குத் தேடித் தரப் பொறுமை இருக்கும். எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். என்ஜின் போன்ற பெரிய பாகத்தைப் பில் இல்லாமல் வாங்கவே கூடாது, ஆர்.சி.யில் ஏற்ற முடியாது.

பத்மினிக்கு மும்பையும் ஒரு வழி. அந்தக் கார் பிறந்த குர்லாவில் பழைய சாமான் கடைகள் உண்டு. அங்கே டாக்சியாக ஓடிய பத்மினிகள் 2023 அக்டோபரோடு ரோட்டைவிட்டுப் போயின. தினசரி தேவை போனால் பாகம் செய்பவர்களும் குறைவார்கள் என்பதால், கண்ணாடி, விளக்கு, பீடிங் போன்றவை கண்ணில் பட்டால் ஒரு செட் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

படி 9: திரும்ப எடுத்து வரும் நாள்

மீதிப் பணம் கொடுக்கும் முன், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்கள் ஓட்டுங்கள். ஷெட் வாசலில் ஸ்டார்ட் ஆவது கணக்கில் சேராது. மதிய வெயிலில், அண்ணா சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து, டெம்பரேச்சர் முள் ஏறாமல் இருக்க வேண்டும். கத்திப்பாரா மேம்பாலம் ஏறி இறங்குங்கள். பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா, கியர் தானாக நியூட்ரலுக்கு வருகிறதா என்று பாருங்கள். திரும்பி வந்து, கீழே ஒரு அட்டையைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். ஒழுகல் எல்லாம் அட்டையில் தெரியும்.

எஃப்.சி. (வண்டித் தகுதிச் சோதனை) காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவே இன்சூரன்ஸ் வேண்டும். பழைய காருக்கு என்ன மதிப்பு என்பது கம்பெனியும் நீங்களும் பேசி ஒப்புக்கொள்வதுதான். அந்த நோட்டுப் புத்தகமும் பில்களும் போட்டோக்களும் அப்போது கைகொடுக்கும்.

ரீபோர் செய்த என்ஜின் என்றால் முதல் 500 கிலோமீட்டருக்கு விரட்டாதீர்கள். அதன்பின் ஆயிலை மாற்றி, ஹெட் போல்ட்டுகளைச் சரிபார்க்க வண்டியை மறுபடி ஷெட்டுக்குக் கொண்டு போக வேண்டும், இதையும் முன்பே கூலிக்குள் பேசிக்கொள்ளுங்கள். நான் அம்மாவை வாரா வாரம் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப் போய் அந்த 500-ஐ முடித்தேன். ஆயில் மாற்றப் போன அன்று பாய் ஒன்றும் பேசாமல் பானெட்டைத் திறந்து, என்ஜினைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பினார். அதற்குக் காசு வாங்கவில்லை.